லூர்து டெய்லரின் இரண்டு விரல் மடிப்பு

பள்ளிக்கூட இடைவேளை மணி அடிக்கப்போகிறது என்பது லூர்துநாதனின் கால்களுக்குத்தான் முதலில் தெரியும். அவை தாமாகப் பெடலை விட்டு இறங்கிக்கொள்ளும். ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்துவிட்டு எழுந்திருப்பார். தூக்கி வைத்தால் துணி நழுவும். ஆணியில் தொங்கும் மஞ்சள் பையில் பழுப்பு நிற மருந்துப் புட்டி ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, சின்ன எவர்சில்வர் தம்ளர் இரண்டு. கடையைச் சாத்துவதில்லை. பக்கத்து டீக்கடையைப் பார்த்து, "நாகராசு, பாத்துக்க, வாரேன்" என்பார்.

நாகராசு வடைச் சட்டியிலிருந்து தலை நிமிராமல் சொல்வார்: "போ மச்சான். ஒங் கடையில களவு போக என்ன இருக்கு? அடுத்தவன் அளவுக்கு வெட்டுன துணிய எவன் எடுத்துப் போட்டுக்குவான்?"

கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியேதான் நடப்பார். கீரனூர் கடைவீதியில் நாடா இல்லாத லூர்துநாதனைப் பார்த்தவர்கள் குறைவு. ஆவூரிலிருந்து பிழைக்க வந்த நாளில் கழுத்தில் போட்டது. ஞாயிறு பூசைக்கும் அதோடுதான் போவார். நற்கருணை வரிசையில் அவர் முறை வந்தபோது பங்குச்சாமியார் ஒருநாள் குனிந்து, "என்ன லூர்து, எனக்கு அங்கி தைக்க அளவெடுக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். லூர்துநாதன் "ஆமென்" என்று சொல்லி அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

ஆட்களை அவர் இடுப்பளவாகத்தான் நினைவு வைத்திருப்பார். பாங்கு மேனேஜர் கடை வாசலில் போனால், "வாங்க நாப்பத்திரெண்டு! ஒரு சுத்து எறங்கிட்டீங்களே, சுகரா?" என்பார். மேனேஜர் ஆமாம் என்று ஒத்துக்கொண்டு பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஜூன் மாதம் முழுக்கச் சீருடைதான். தாய்மார்கள் பிள்ளையை முன்னால் நிறுத்தி ஒரே பல்லவியைப் பாடுவார்கள்: "வளர்ற புள்ளண்ணே, கீழ நெறைய மடிச்சு விடுங்க. ரெண்டு வருசம் ஓட்டணும்."

"ரெண்டு வெரலு" என்பார் லூர்துநாதன். "அதுக்கு மேல விட்டா கனம் தாங்காது. பாவாடை தூளி மாதிரி தொங்கும்."

"கலெக்டர் புள்ளைக்கு வந்தாலும் ரெண்டு வெரலுதானா?"

"கலெக்டர் புள்ள மட்டும் என்ன, மூங்கிலா வளரப்போவுது? ரெண்டு வெரலுதான் ஆத்தா."

எந்தக் கெஞ்சலுக்கும் மூன்றாவது விரல் இறங்கியதில்லை.

கடையில் மிஷின் வேலை அவருடையது. கைவேலை அவருடைய மனைவி வியாகுலமேரியுடையது. வாசலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பார், கொக்கி வைப்பார், விளிம்பு மடித்துத் தைப்பார். பேச்சு குறைவு. நாள் முழுவதும் பக்கத்தில் இருந்தும் இருவரும் பேசிக்கொண்ட வார்த்தைகளைவிடக் கடித்துத் துப்பிய நூல் துண்டுகள் அதிகம்.

கல்யாணமான புதிதில் உள்பாவாடை தைப்பதற்காக லூர்துநாதன் மனைவிக்கு அளவெடுத்தார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நாடாவைப் பிடித்தபோது இரண்டு பக்கமும் ஒரே அளவு வரவில்லை. முழங்கால்கள் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருந்தன. வலது கால் சற்றுக் குட்டை. வியாகுலமேரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். லூர்துநாதன் வலப்பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றி வெட்டினார். அதன்மேல் கட்டிய புடவை தரையைத் தொட்டும் தொடாமலும் நேராக விழுந்தது. கடைசிவரை எல்லா உள்பாவாடையும் அப்படித்தான் தைத்துக்கொடுத்தார். வியாகுலமேரி குள்ளம் என்பது ஊருக்குத் தெரியும். கால் எவ்வளவு வளைந்தது என்பது தெரியாது.

காரணத்தை மாமியார் முன்பே சொல்லியிருந்தார்: "சின்னதுல ஒரு வாய் பால் கெடைக்காம வளந்த புள்ள தம்பி, அதான்." லூர்துநாதன் அதை அப்படியே நம்பினார். மகள் சோபியா பிறந்ததும் பசு வாங்கிக் கொல்லையில் கட்டினார். பால் குடித்து வளர்ந்த சோபியாவின் கால்களும் லேசாக வளைந்தன. இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு திரிந்ததால் வந்தது என்றார்கள். பசு விலை போயிற்று. பாலின் மேலிருந்த நம்பிக்கை போகவில்லை.

சோபியா படித்து, திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உயிர்வேதியியலாளராகச் சேர்ந்தாள். அவள் கணவர் பால்ராஜுக்குக் கத்தாரில் வேலை. அதனால் அவளும் மகள் ஸ்வீட்டியும் கீரனூரில் அப்பா வீட்டில்தான். ஸ்வீட்டி நடக்கத் தொடங்கியபோது அவள் கால்களும் அதே வில்லாக வளைந்தன. இந்த முறை சோபியா யார் சொன்ன காரணத்தையும் கேட்டுக்கொள்ளவில்லை. தான், அம்மா, ஸ்வீட்டி என மூன்று பேரின் ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்துக்கொண்டு போனாள். சிறப்பு மருத்துவர் ஒருவர் நோயின் பெயரைச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, அதை அவள் வீட்டில் விளக்கினாள்.

எலும்பு வெறும் தூண் இல்லை. அது சுரப்பியும்கூட. அதிலிருந்து கிளம்பும் ஹார்மோன்கள் ரத்தத்தில் போய் மற்ற உறுப்புகளுக்குச் செய்தி சொல்கின்றன. ஒன்று கணையத்தோடு சர்க்கரையைப் பற்றிப் பேசுவதாக ஆராய்ச்சி நடக்கிறது. மனிதரில் அது எந்த அளவுக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. இன்னொன்றில் சந்தேகம் இல்லை. அது சிறுநீரகத்திடம் பேசுவது. 'பாஸ்பேட்டை வெளியே விடு' என்பது அதன் செய்தி. மற்றவர்களுக்கு எலும்பு அதை அளவாகச் சொல்லும். இந்த வீட்டுப் பெண்கள் மூவருக்கும் ஓயாமல் சொல்கிறது. பாஸ்பேட் சிறுநீரோடு போய்விடுகிறது. வளரும் பிள்ளைக்கு எலும்பின் முனையில் புதிதாக உருவாகும் எலும்பு இறுகுவதில்லை. உடம்பின் பாரத்தில் கால் வளைகிறது. தாயிடமிருந்து வந்தது. பாலுக்கும் இடுப்புக்கும் இதில் சம்பந்தம் இல்லை.

"அப்ப எலும்புக்கு வாய் இருக்குங்கிற" என்றார் லூர்துநாதன்.

"அப்பிடித்தாம்ப்பா."

மனைவியைப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: "பாத்தியா, ஒங்கம்மா ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேச மாட்டா. அவ பேசாததை எல்லாம் எலும்பு பேசிருக்கு."

வியாகுலமேரி சிரித்தார். பிறகு, "அப்ப என்னாலதான் புள்ளைக்கா?" என்று கேட்டார். அவர் எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினார்.

மருந்து, பாஸ்பேட் கரைசல். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, நாள் முழுக்கப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உடம்பு அதை விரைவில் வெளியே தள்ளிவிடும். கூடவே வைட்டமின் மாத்திரை. கால் நிமிர வேண்டுமானால் வளர்கிற வருடங்களுக்குள் நிமிர வேண்டும். புதிதாக ஓர் ஊசியும் வந்திருக்கிறது; விலையைக் கேட்ட பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கரைசல் உப்பும் புளிப்பும் கசப்புமாக நாக்கைப் பிடிக்கும். ஸ்வீட்டி அதற்கு வைத்த பெயர் சோப்புத் தண்ணி. விடியலிலும் படுக்கும் முன்பும் சோபியா கொடுத்தாள். பகல் வேளைகளை, பள்ளிக்கூட இடைவேளை உட்பட, வியாகுலமேரி ஏற்றுக்கொண்டார்.

வேலை செய்தது. ஸ்வீட்டியின் முழங்கால்களுக்கு நடுவே இருந்த இடைவெளி சுருங்கியது. உயரமும் கூடியது. பாவாடையின் இரண்டு விரல் மடிப்பைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. அடுத்த பாவாடையிலும் அப்படியே. பிரித்த மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தங்கும். இஸ்திரி போட்டாலும் போகாது. மற்ற தையல்காரர்களுக்கு அந்தக் கோடு எரிச்சல். லூர்துநாதன் அதைத் தடவிப் பார்ப்பார்.

இந்த வருடத் தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்குக் கிளம்பிய வியாகுலமேரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்து எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தபோது, மருந்து வேளை தப்புகிறது என்று புட்டியைத் தேடி எடுத்தவர் லூர்துநாதன்தான். சோபியா மறுபடி திருச்சி பஸ் ஏறிய அன்று, "பகல் மருந்து எம் பொறுப்பு. நீ நிம்மதியாப் போ" என்றார்.

ஸ்வீட்டி அவரிடம் குடிக்கவில்லை. வாயில் வைத்தாள், துப்பினாள், அழுதாள். நாகராசு பார்த்துக்கொண்டே இருந்தார். அவராலும் தாங்க முடியவில்லை.

"வெறும் மருந்த நீட்டுனா புள்ள எப்பிடிக் குடிக்கும்? முதக் கொதிப் பால் தாரேன் மச்சான், சீனி போட்டுக் கலந்து குடு. மருந்துக்கு மருந்து, எலும்புக்குப் பலம்."

லூர்துநாதனின் முகம் மலர்ந்தது. பாலுக்காகத்தானே இத்தனை வருடமும் அவர் மனம் அடித்துக்கொண்டது! அன்றிலிருந்து நாகராசு தண்ணீர் கலப்பதற்கு முன்பே ஸ்வீட்டிக்கென்று கெட்டிப்பாலை எடுத்து வைத்தார். காசு வாங்கவில்லை. லூர்துநாதன் அதில் மருந்தை ஊற்றி, ஆற்றி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். ஸ்வீட்டி மடக் மடக்கென்று குடித்தாள். கேட்டருகே பெருக்கிக்கொண்டிருக்கும் ஆயா பிச்சையம்மாள், "வந்துட்டாருய்யா பால்காரரு!" என்று குரல் கொடுப்பார். பிள்ளைக்குப் பால் கொடுப்பதை மகளிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சோறு போட்டதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

ஜூலையில் மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அல்கலைன் பாஸ்படேஸ் ஏறியிருந்தது. எலும்பு இறுக முடியாமல் திணறுகிறது என்பதற்கு அது அடையாளம். முழங்கால் இடைவெளியும் அகன்றிருந்தது. இப்படியே போனால் இரண்டு முழங்கால் பக்கத்திலும் அறுத்துத் தகடு வைக்க வேண்டியிருக்கும் என்றார். "மருந்து வேளை தவறுதா?" என்று கேட்டார்.

சோபியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஸ்வீட்டி லூர்துநாதனின் மடியில் தூங்கிவிட்டாள். மாத்தூர் தாண்டியதும் அவர் வெடித்தார். "ஒரு வேளை, ஒரே ஒரு வேளை நான் விட்டிருந்தா எங்கையி மிஷினுக்குள்ள போகட்டும். பாலக் காச்சி, சீனி போட்டு, சூடு பாத்து, ஆத்திக் கொண்டுபோயி..."

"பாலா?" என்றாள் சோபியா.

"ஆமா. நாகராசு கடப் பாலு. முதக் கொதி. அதுலதான் மருந்தக் கலந்து குடுக்குறேன்."

சோபியா அவர் பக்கம் திரும்பினாள். "பால்ல கால்சியம் இருக்குப்பா. அது மருந்தக் குடலுக்குள்ளயே புடிச்சுக்கும். ரெண்டும் ஒன்னையொன்னு விடாது. ரத்தத்துக்குப் போகாம வெளிய போயிரும்."

"கொக்கியும் வளையமும் மாதிரியா?"

"ஆமாம்ப்பா."

அவர் தூங்கும் பிள்ளையின் முழங்கால் மேல் துண்டை இழுத்துவிட்டார். "அப்ப நாந்தான் வளைச்சேனா?"

"ஒங்களுக்குத் தெரியாதுல்ல." பிறகு அவளே கேட்டாள்: "அம்மா எப்பிடிப்பா குடுத்தாங்க?"

அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு வருடம் ஒரே வீட்டில் நடந்தது.

மறுநாள் நாகராசு கொதித்தார். "பாலு கெடுதின்னு திருச்சி டாக்டரு சொல்றாரா? எங் கடைக்கு வந்து சொல்லச் சொல்லு!"

"கெடுதி இல்லய்யா. மருந்தோட சேரக்கூடாது. தனியா, வேற நேரத்துல குடிக்கலாமாம்."

நாகராசு அடங்கிப்போனார். "நாந்தான மச்சான் சொன்னேன்" என்று இரண்டு தடவை சொன்னார். அன்று அவர் கடையில் டீ குடித்தவர்கள் எல்லோரும் சீனி பத்தவில்லை என்றார்கள். அவர் காதில் விழவில்லை.

வெறும் மருந்தும் ஒரு தம்ளருமாக லூர்துநாதன் கேட்டருகே நின்றார். ஸ்வீட்டி உதட்டை இறுக்கிக்கொண்டாள். "எந் தங்கம்ல, எம் பட்டுல்ல" என்று கெஞ்சினார். மிட்டாயைக் காட்டினார். உதடு பிரியவில்லை. மணி அடிக்க நேரமாகிவிட்டது. வியர்த்தது. நாடாவால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பிச்சையம்மாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். "என்ன பால்காரரே, இன்னைக்குப் பாலக் காணாம்?"

"பால் கூடாதாம் ஆயா."

"பின்ன? ஒங்க வீட்டம்மா பாலாவா கொண்டாந்துச்சு?"

"அவ எப்பிடிக் குடுப்பா?"

"இத மொதல்லயே கேட்ருக்கலாம்ல! ரெண்டு தம்ளர் கொண்டாரும். ரெண்டுலயும் ஊத்தும். மொதல்ல தான் ஒரு மொடக்கு குடிக்கும். ஒரு சுளிப்பு இருக்காது முகத்துல, காப்பி குடிக்கிற மாதிரி. அப்பறம் புள்ளயப் பாக்கும். புள்ள குடிச்சிரும். ரெண்டும் சிரிச்சுக்கும். அம்புட்டுத்தான்."

லூர்துநாதன் ஸ்வீட்டியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். "ஒனக்கும் எனக்கும் ஒரே காலு, ஒரே மருந்துன்னு அம்மாச்சி சொல்லும்."

"எனக்கு அந்தக் காலு இல்லயே தாயி."

ஸ்வீட்டி அவர் கால்களைப் பார்த்து யோசித்தாள். "பரவால்ல தாத்தா. குடிங்க."

புட்டியின் மூடியில் கொஞ்சம் ஊற்றி வாயில் விட்டார். உப்பும் கசப்பும் நாக்கின் அடி வரைக்கும் போயிற்று. இரண்டு வருடம் வியாகுலமேரி நாள்தோறும் இதை விழுங்கிவிட்டு வந்துதான் அவர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து காஜா எடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. லூர்துநாதனின் மீசை ஒரு பக்கமாக ஏறியது; ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. ஸ்வீட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

அதுதான் மஞ்சள் பையில் இப்போது இரண்டு தம்ளர். தாத்தாவுக்கு ஒரு சொட்டு வாய் நனைக்க மட்டும், அதற்கு மேல் வேண்டாம் என்று சோபியா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். சுளிக்காமல் குடிக்க அவருக்கு இன்னும் வரவில்லை. மீசை ஏறுவதைப் பார்க்க ஸ்வீட்டியின் கூட்டாளிகளும் கேட்டருகே வந்து நிற்கிறார்கள். பையில் பால் இல்லாவிட்டாலும் பிச்சையம்மாளுக்கு அவர் பால்காரர்தான். பள்ளி விட்டு வந்தபின் தனியாகக் குடிக்க ஒரு தம்ளர் பாலை நாகராசு இப்போதும் எடுத்து வைக்கிறார். "இதுல ஒன்னும் கலக்கலயே?" என்று அவரே இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறார்.

காலாண்டு விடுமுறையில் மறுபடி பார்த்த மருத்துவர், பாஸ்படேஸ் எண் இறங்கத் தொடங்கியிருக்கிறது என்றார். இடைவெளி அகலவில்லை, சுருங்கவும் இல்லை. முழுப் பரீட்சை லீவு வரை பொறுப்போம், அதற்குள் கால் நிமிர்ந்து வந்தால் தகடு வேண்டாம் என்றார். லூர்துநாதன் அந்தத் தேதியைக் கேட்டுக்கொண்டார். யாரிடமும் அதைச் சொல்வதில்லை.

டிசம்பர் வந்தது. கடையில் கிறிஸ்துமஸ் துணி மலையாகக் குவிந்தது. வீட்டில் துக்கம், வருடம் திரும்பவில்லை. அதனால் புதுத்துணி கிடையாது என்று சோபியா சொல்லிவிட்டாள். லூர்துநாதனும் தனக்கு வேண்டாம் என்றார். ஆனால் ஒரு சாயங்காலம் ஸ்வீட்டியை வெட்டு மேசை மேல் தூக்கி நிறுத்தினார்.

"என்னாப்பா இது?" என்றாள் சோபியா.

"துக்கம் பெரியாளுகளுக்கு. வளர்ற புள்ளைக்கு ஏது துக்கம்? நேரா நில்லு தாயி."

இடுப்பளவு எடுத்தார். முழங்கால் வரை உயரம் எடுத்தார். முழங்கால்களுக்கு நடுவே தெரிந்த இடைவெளியை நாடாவால் அவர் ஒருநாளும் அளந்ததில்லை. அன்றும் அளக்கவில்லை. அதன் வழியே தெரிந்த தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளை இறக்கிவிட்டார்.

சிவப்புப் பாவாடை. மிஷின் வேலை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு வாசலோர முக்காலிக்கு வந்தார். வியாகுலமேரிக்குப் பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. டீயோடு வந்த நாகராசு, அவர் மடியில் கிடந்த பாவாடை விளிம்பை உற்றுப் பார்த்தார்.

"மச்சான், அது நாலு வெரலுல்ல?"

லூர்துநாதன் மடிப்பைக் குண்டூசி குத்தி நிறுத்தினார்.

"கனம் தாங்காது, தூளி மாதிரி தொங்கும்னு ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவியே?"

லூர்துநாதன் நூலைப் பல்லால் கடித்து, நுனியை நாக்கில் நனைத்து, மூன்றாவது முயற்சியில் ஊசிக் காதில் நுழைத்தார். நாலு விரல் மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை நீவிவிட்டு, பிரிப்பதற்கு வசதியாக, எட்ட எட்டத் தையல் போட ஆரம்பித்தார்.